ஐசா பணத்தைக் கையில் வாங்காதீர்கள்

கேள்வி: எட்டு ஆண்டுகள் இங்கிலாந்தில் படித்து, வேலை பார்த்துவிட்டுப் போன ஆண்டு மார்ச் மாதம் பினாங்குக்குத் திரும்பிவிட்டேன். வயது 33. பிரிஸ்டலில் இருந்தபோது தொடங்கிய ரொக்க ஐசாவில் 31,000 பவுண்டு இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வட்டி சரிந்துவிட்டது. வேறொரு நிறுவனத்தில் பங்கு ஐசாவும், சிறிதாக ஒரு லைஃப்டைம் ஐசாவும் உண்டு. எல்லாவற்றையும் என் நடப்புக் கணக்குக்கு எடுத்து, நல்ல வட்டி தரும் இடத்தில் போட்டுவிடலாமா? அதை இங்கிருந்தே செய்ய முடியுமா?

பதில்: முதல் கேள்விக்கு ஒரே சொல்: கூடாது. இரண்டாவது கேள்விக்கு: முடியும், ஆனால் நீங்கள் எந்த நிறுவனத்தின் கதவைத் தட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சிறு விளக்கம். ஐசா (ஐஎஸ்ஏ) என்பது இங்கிலாந்தின் தனிநபர் சேமிப்புக் கணக்கு. கார்டன் பிரவுன் நிதியமைச்சராக இருந்தபோது, 1999 ஏப்ரல் 6 அன்று தொடங்கியது. அதற்குள் இருக்கும் பணத்தின் வட்டிக்கும், பங்கின் ஈவுத்தொகைக்கும், விற்ற லாபத்துக்கும் அந்த நாட்டில் வரி இல்லை. இப்போது ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை போடலாம். லைஃப்டைம் ஐசா என்பது முதல் வீட்டுக்கோ முதுமைக்கோ சேர்ப்பவருக்கு அரசும் ஊக்கத்தொகை போடும் வகை. நம் மலேசியாவில் அந்த மூன்றெழுத்துக்கு வேறு பொருள் இருந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கும் 1960ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் அது, 2012இல்தான் நீங்கியது. முதல் ஆண்டு நான் பட்டர்வொர்த் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, "ஐஎஸ்ஏவில் மூவாயிரம் பவுண்டு போட்டிருக்கிறேன்" என்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "யாரைப் பிடித்துவிட்டார்கள்?"

நீங்கள் செய்ய நினைக்கும் காரியத்தை நான் 2008இல் செய்தேன். அப்போது கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் குடியிருந்தேன். ரொக்க ஐசாவுக்கு அன்றைய உச்சவரம்பு ஆண்டுக்கு 3,000 பவுண்டு. ஒன்பது வரி ஆண்டுகள் ஒன்றுவிடாமல் கட்டி 27,000 பவுண்டு சேர்த்திருந்தேன், வட்டி தனி. அந்த ஆண்டு இறுதியில் நிதி நெருக்கடி முற்றியது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் வட்டியை 5 விழுக்காட்டிலிருந்து சில வாரங்களுக்குள் 2 விழுக்காடாக இறக்கியது. என் வங்கி அதற்கும் முந்திக்கொண்டு குறைத்தது. எதிர்ச்சாரியில் இருந்த வங்கி இன்னும் நல்ல வட்டி தருவதாகக் கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தது. நான் உள்ளே போய்க் கணக்கை மூடச் சொன்னேன். காசோலை கொடுத்தார்கள். தெருவைக் கடந்து எதிர் வங்கியில் நீட்டினேன். அங்கிருந்த பெண் காசோலையைப் பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இந்த ஆண்டுக்கு 3,600 மட்டும்தான் ஐசாவில் போட முடியும்" என்றாள். மீதியெல்லாம் சாதாரணச் சேமிப்பு. அந்தக் காலத்தில் வங்கியே வட்டியில் 20 விழுக்காட்டை வரியாகப் பிடித்துக்கொள்ளும். திரும்பி ஓடிப்போய் "மூடியதைத் திறந்துவிடுங்கள்" என்று கேட்டேன். முடியாது என்றார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. மூடச் சொன்னவன் நான், மாற்றச் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டு வரிச்சலுகை, தெருவைக் கடக்க எடுத்த இரண்டு நிமிடத்தில் போயிற்று.

விதி இதுதான். ஐசா பணம் உங்கள் கைக்கோ உங்கள் சாதாரணக் கணக்குக்கோ வந்த கணமே அது வெறும் பணம். மறுபடி உள்ளே போடுவது புதுச் சந்தா, அதாவது புதிதாகக் கட்டும் பணம். அந்த ஆண்டின் வரம்புக்கு உட்பட்டது. நெகிழ்வு ஐசா என்று ஒரு வகை உண்டு. அதில் எடுத்ததை அதே வரி ஆண்டுக்குள் அதே நிறுவனத்தில் திருப்பிப் போடலாம். எல்லா நிறுவனங்களும் அதைத் தருவதில்லை, அதை நம்பி இன்னொரு வங்கிக்கு நடக்கவும் முடியாது. நிறுவனமும் நிறுவனமும் தங்களுக்குள் பணத்தை மாற்றிக்கொண்டால் மட்டுமே சலுகை கூடவே போகும். லெபோ பினாங் கிட்டங்கிகளில் செட்டியார்கள் உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டு எழுதிய முறையை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே பணம் கட்டியவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறவில்லை. தாள் போனது, அங்கே இருந்தவர் கொடுத்தார். ஐசா மாற்றமும் அந்த மாதிரிதான், நடுவில் நீங்கள் இருக்கக் கூடாது.

ஆகவே முதலில் பேச வேண்டியது பழைய வங்கியிடம் அல்ல, புதிய நிறுவனத்திடம். பெண் வீட்டார் தேடி வரட்டும் என்று பிள்ளை வீட்டார் காத்திருப்பதுபோல, பழைய வங்கி தானாக எதையும் செய்யாது. புதிய இடத்தில் ஐசா ஒன்றைத் தொடங்கி, அவர்களுடைய மாற்றுப் படிவத்தை நிரப்புங்கள். பழைய நிறுவனத்தின் பெயர், கணக்கு எண், கிளைக் குறியீடு, உங்கள் தேசியக் காப்பீட்டு எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். அந்தக் காப்பீட்டு எண் இரண்டு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து என்று இருக்கும். பழைய சம்பளச் சீட்டில் பாருங்கள். முழுவதையும் மாற்றுகிறீர்களா, ஒரு பகுதியையா என்று ஒரு கட்டம் இருக்கும். 2024 ஏப்ரல் முதல் நடப்பு ஆண்டுப் பணத்தையும் பகுதியாக மாற்றலாம் என்று தளர்த்திவிட்டார்கள். உங்களுடையது எல்லாம் முந்தைய ஆண்டுகளின் பணம் என்பதால் அந்தச் சிக்கலே உங்களுக்கு இல்லை. ரொக்க ஐசாவிலிருந்து ரொக்க ஐசாவுக்கு என்றால் 15 வேலை நாளுக்குள் முடிய வேண்டும். மற்ற வகைகளுக்கு 30 நாள். தாமதமானால் முதலில் புதிய நிறுவனத்தையே கேளுங்கள். உங்கள் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதால் அபராதம் இருக்காது. முடியாத கணக்காக இருந்தால் பல மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் விடுவார்கள்.

வெளியே போக விடமாட்டேன் என்று பழைய நிறுவனம் சொல்ல முடியாது. உள்ளே வரவிடமாட்டேன் என்று புதிய நிறுவனம் சொல்லலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வெளிநாட்டில் வாழ்பவர் மாட்டிக்கொள்கிறார்.

சட்டம் உங்கள் பக்கம். இங்கிலாந்தைவிட்டுப் போன பிறகும் ஐசாவை வைத்திருக்கலாம், அங்கே வரிவிலக்கு தொடரும், வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் செய்யலாம். கிளம்பிய வரி ஆண்டு முடிந்த பிறகு புதிதாகப் பணம் போடுவது மட்டுமே தடை. வெளிநாட்டில் பணிபுரியும் அந்நாட்டு அரசு ஊழியர்களுக்கும் அவர்களின் துணைவர்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. இங்கிலாந்தின் வரி ஆண்டு ஏப்ரல் 5 அன்று முடிகிறது. (1752இல் நாட்காட்டியை மாற்றியபோது 11 நாள்களைத் தூக்கியெறிந்ததன் மிச்சம் அது. நம் சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்னால் அவர்களுக்குப் புதுக்கணக்கு என்று நான் நினைவு வைத்திருப்பேன்.) நீங்கள் மார்ச்சில் வந்தீர்கள். மாதாமாதம் தானாகப் போகும் கட்டளை ஏதாவது ஐசாவுக்குப் போட்டு வைத்திருந்தீர்களா என்று இன்றே பாருங்கள். அந்த ஏப்ரல் 5க்குப் பிறகு ஒரு பவுண்டு போயிருந்தாலும் அது செல்லாத சந்தா. நிறுவனத்திடம் நீங்களே சொல்லிச் சரிசெய்துவிடுங்கள். குடிபெயர்ந்த செய்தியைத் தெரிவிப்பதும் உங்கள் கடமை. பிரிஸ்டல் தோழியின் முகவரியைக் கொடுத்து இன்னும் அங்கேயே இருப்பதாகக் காட்டிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது பொய் அறிவிப்பு. 31,000 பவுண்டுக்காக அதைச் செய்யாதீர்கள்.

சட்டம் அனுமதித்தாலும், வெளிநாட்டு முகவரி உள்ளவருக்குப் பல வங்கிகள் புதுக் கணக்கே தொடங்குவதில்லை. ஊருக்குத் திரும்புவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று நான் தெரிந்த பிள்ளைகளிடம் சொல்வது இதனால்தான். உங்களுக்கு அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. இனி எளிய வழி, ஏற்கெனவே கணக்கு உள்ள இடங்களிலேயே பார்ப்பது. உங்கள் பழைய வங்கியிலேயே வட்டி கூடுதலான இன்னொரு ரொக்க ஐசா இருக்கலாம். உள்ளுக்குள்ளே மாற்றிக்கொள்வது பெரும்பாலும் ஒரு நாள் வேலை. அங்கே இல்லையென்றால், உங்கள் பங்கு ஐசாவை வைத்திருக்கும் நிறுவனம் ரொக்க ஐசாவும் நடத்துகிறதா என்று கேளுங்கள். உங்களை அவர்களுக்கு முன்பே தெரியும். மூன்றாவதாகத்தான் புது நிறுவனம். அங்கே முதல் கேள்வியாக, "மலேசிய முகவரி உள்ளவரிடமிருந்து ஐசா மாற்றத்தை ஏற்பீர்களா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் 'ஆம்' என்பவர் மறுநாள் வேலையில் இருப்பாரோ என்னவோ.

இப்போது நம்மவர்களுக்கே உரிய தலைவலி: பெயர். நம் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. கவிதா ஏ/பி ராமசாமி என்று ஒரே வரி. (மலாயில் ஏ/பி என்றால் மகள், ஏ/எல் என்றால் மகன்.) இங்கிலாந்து வங்கியின் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. ஓரிடத்தில் ராமசாமி குடும்பப் பெயராகியிருக்கும். இன்னோரிடத்தில் 'ஏபி' நடுப்பெயராகியிருக்கும். என்னோடு வேலை பார்த்த ஈப்போக்காரர் ஒருவருக்கு 'மிஸ்டர் ஏஎல்' என்றே வங்கியிலிருந்து கடிதம் வரும். ஆண்டுக்கணக்காக அவரும் அதற்குப் பழகிவிட்டார். ஐசாவை மாற்றியபோதுதான் வினை வந்தது. பழைய வங்கியில் அவர் மிஸ்டர் ஏஎல், புதிய வங்கியில் தந்தை பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று அவர்களின் கணினி ஒப்புக்கொள்ளவில்லை. படிவம் மூன்று முறை திரும்பி வந்தது.

அதனால் மாற்றுப் படிவத்தில் கைவைப்பதற்கு முன், இரண்டு நிறுவனங்களின் அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். முகவரியையும் பாருங்கள். பழைய வங்கியில் பிரிஸ்டல், புதிய படிவத்தில் ஆயர் ஈத்தாம் என்றால் நிச்சயம் திரும்பி வரும். திருத்துவதைப் பழைய வங்கியில் முதலில் முடித்து, உறுதிக் கடிதம் வந்த பிறகே மாற்றத்தைத் தொடங்குங்கள். கடவுச்சீட்டின் சான்றளித்த நகல் கேட்டால், யார் சான்றளிக்க வேண்டும் என்று முன்பே விசாரியுங்கள். சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரை போதும் என்று ஓரிடத்தில் சொல்வார்கள். நோட்டரி வழக்கறிஞர்தான் வேண்டும் என்று இன்னோரிடத்தில் சொல்வார்கள். கட்டணம் ஒன்றுக்கொன்று வெகு தூரம். லெபோ பந்தாய் பக்கம் இரண்டு பேரும் கிடைப்பார்கள்.

பிரிஸ்டலில் பயன்படுத்திய கைப்பேசி எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா? ஒருமுறைக் கடவுச்சொல் அதற்குத்தான் வரும். அந்த சிம் செத்துவிட்டால் பாதி வேலை நின்றுவிடும்.

பங்கு ஐசாவை நீங்கள் இப்போதைக்கு அசைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அசைப்பதாக இருந்தால் இரண்டு வழி. எல்லாவற்றையும் விற்றுப் பணமாக மாற்றி அனுப்புவது ஒன்று. அந்த இடைவெளியில் சந்தை ஏறினால் உங்களுக்கு அதில் பங்கில்லை. பங்குகளையும் நிதிகளையும் அப்படியே பெயர்த்து அனுப்புவது மற்றொன்று. அதற்குப் புதிய நிறுவனத்திலும் அதே நிதி, அதே வகை இருக்க வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும். இடையில் வரும் ஈவுத்தொகை பின்னால் தனியாக வந்து சேரும், பதறாதீர்கள்.

குடிபெயர்ந்ததைப் பங்கு நிறுவனத்திடம் தெரிவித்ததும் அமெரிக்கப் பங்குகளுக்கான படிவத்தைப் புதுப்பிக்கச் சொல்வார்கள். பிரிட்டனில் இருந்தவரை அமெரிக்க ஈவுத்தொகையில் 15 விழுக்காடு பிடித்தார்கள், காரணம் அந்த இரண்டு நாடுகளுக்கும் வரி ஒப்பந்தம் உண்டு. மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அப்படி முழுமையான ஒப்பந்தம் இல்லை. எனவே 30 விழுக்காடு. ஐசாவின் வரிவிலக்கு அமெரிக்காவைக் கட்டுப்படுத்தாது. நேரடியாக அமெரிக்கப் பங்குகளை வைத்திருந்தால் இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

லைஃப்டைம் ஐசாவைத் தொடவே வேண்டாம். அதை வேறு வகை ஐசாவுக்கு மாற்றுவது 60 வயதுக்கு முன் பணம் எடுப்பதாகவே கருதப்படும். 25 விழுக்காடு பிடிப்பார்கள். அரசு கொடுத்த ஊக்கத்தொகையும் 25 விழுக்காடுதானே, கணக்கு சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். ஆகாது. நீங்கள் 4,000 போட்டீர்கள், அரசு 1,000 தந்தது, மொத்தம் 5,000. அதில் 25 விழுக்காடு 1,250. கைக்கு 3,750. உங்கள் சொந்தப் பணத்தில் 250 பவுண்டு நட்டம். அபராதமின்றி எடுக்க முதல் வீடு வாங்கலாம் என்றாலும், அந்த வீடு இங்கிலாந்தில், 450,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். தஞ்சோங் தோக்கோங்கில் அடுக்குமாடி வாங்க அது உதவாது. இன்னொரு லைஃப்டைம் ஐசாவுக்கு மாற்றினால் மட்டும் அபராதம் இல்லை.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இங்கே வாழும் உங்களுக்கு அந்த வரிவிலக்கால் இப்போது என்ன பயன்? உண்மையைச் சொன்னால், மிகக் கொஞ்சம். 2016 ஏப்ரல் முதல் அங்கே வங்கிகள் வட்டியில் வரி பிடிப்பதில்லை. அந்த நாட்டில் வசிக்காதவரின் வங்கி வட்டிக்குப் பொதுவாக அவர்கள் வரி கேட்பதும் இல்லை. பங்கு விற்ற லாபமும் அப்படியே, ஐந்து ஆண்டுக்குள் திரும்பிப் போய்க் குடியேறாதவரை. ஐசா என்ற உறை உங்களுக்கு மறுபடி வேலை செய்வது, நீங்கள் அங்கே மீண்டும் குடியேறும் நாளில்தான். வெளியே எடுத்த 31,000ஐ அன்று திருப்பிப் போட, ஆண்டுக்கு 20,000 என்ற வரம்பில் இரண்டு ஆண்டு பிடிக்கும். அதிலும் 65 வயதுக்குக் கீழானவர்களுக்கு ரொக்க ஐசாவின் வரம்பை 2027 ஏப்ரல் முதல் 12,000 ஆக்குவதாக 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்துவிட்டார்கள். பங்கு ஐசாவிலிருந்து ரொக்க ஐசாவுக்கு மாற்றுவதையும் அந்த வயதினருக்கு மூடுகிறார்கள். ஆகவே ரொக்கமாக இருப்பதைக் கலைக்காமல் வைத்திருப்பதற்கு மதிப்பு கூடியிருக்கிறது.

இனி அந்தப் பக்கமே போகமாட்டேன், அம்மா அப்பாவோடு இங்கேதான் என்பவர் என்றால் கதை வேறு. கொண்டுவந்து இங்கே நிரந்தர வைப்பில் போடலாம். உள்ளூர் வங்கி வட்டிக்குத் தனிநபர் வரி கிடையாது. ஒரு வங்கிக்கு 250,000 வெள்ளி (ரிங்கிட்) வரை, மலேசிய வைப்புக் காப்பீட்டுக் கழகமான பிடிமின் காப்பு உண்டு. பவுண்டை வெள்ளியாக மாற்றும்போது வங்கி எடுத்துக்கொள்ளும் வித்தியாசத்தை மட்டும் இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள். அங்கே உள்ள பணத்துக்கும் காப்பு உண்டு; 2025 டிசம்பர் முதல் ஒரு நிறுவனத்துக்கு 120,000 பவுண்டு. பயத்தால் அவசரப்பட வேண்டியதில்லை.

நம் வருமான வரி வாரியம் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு வருமானத்தை இங்கே கொண்டுவரும் தனிநபருக்கு 2036 இறுதிவரை விலக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த வருமானம் பிறந்த நாட்டில் வரிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐசா வட்டியோ அங்கே வரியே காணாதது. நீங்கள் கட்டிய அசல் வருமானம் அல்ல, அதைப் பற்றிக் கவலையில்லை. வட்டிப் பகுதியைக் கொண்டுவருவதற்கு முன் வரி முகவரிடம் இந்தக் கேள்வியை வையுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று காட்ட எட்டு ஆண்டு அறிக்கைகளையும் இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை மூடிய பிறகு அவற்றை வாங்குவது பெரும்பாடு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், பங்கையும் லைஃப்டைமையும் அப்படியே விட்டுவிட்டு, ரொக்கத்தை மட்டும் பழைய வங்கிக்குள்ளேயே வேறு ஐசாவுக்கு மாற்றப் பார்ப்பேன். அவர்கள் காலை 9 மணிக்குத் திறக்கும்போது நமக்குக் கோடையில் மாலை 4, குளிர்காலத்தில் 5. திங்கள்கிழமை வேண்டாம், வரிசை நீளம். செவ்வாய் அழையுங்கள். "பணம் எடுக்க வேண்டும்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. "ஐசா மாற்றம்" என்றே சொல்லுங்கள். அழைப்பை எடுத்தவர் எந்தக் கணக்குக்கு அனுப்பட்டும் என்று உங்கள் நடப்புக் கணக்கின் எண்ணைக் கேட்டால், நன்றி சொல்லி வைத்துவிட்டு மறுநாள் வேறொருவரிடம் பேசுங்கள்.